எல்லோரும் விற்கும் பத்திரத்தை வாங்குபவர்: மைக்கேல் ஹாசன்ஸ்டாபின் வெற்றிகளும் சரிவுகளும்

சந்தை அஞ்சி ஓடும் கடன் பத்திரங்களைத் தேடி வாங்கும் நிதி மேலாளர் ஒருவரின் பணி வாழ்க்கையிலிருந்து முதலீட்டாளர் எதைக் கற்கலாம், இத்துறைக்கு வர விரும்பும் இளைஞர் எதைக் கற்கலாம் என்பது கேள்வி. பொதுப்படையாகப் பதில் சொன்னால் அது "பிறர் அஞ்சும்போது துணிக" என்ற அளவிலேயே நின்றுவிடும். ஆகவே ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் ஃபிராங்ளின் டெம்பிள்டன் நிறுவனத்தில் டெம்பிள்டன் குளோபல் பாண்ட் ஃபண்ட் என்ற பத்திர நிதியை (பலரின் பணத்தைத் திரட்டிப் பத்திரங்களில் போடும் நிதி) பல ஆண்டுகள் நடத்திய மைக்கேல் ஹாசன்ஸ்டாப் அவர். அவருடைய பெரிய வெற்றியும் பெரிய தோல்விகளும் ஒரே பழக்கத்திலிருந்து பிறந்தவை; எல்லாமே வெளிப்படையாகப் பதிவானவை. அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம்.

முதலில் ஓர் அடிப்படையைத் தெளிவுபடுத்த வேண்டும். பங்குச் சந்தையில் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நிற்பதும் பத்திரச் சந்தையில் எதிர்த்திசையில் நிற்பதும் ஒன்றல்ல. பங்கின் விலை பத்து மடங்காகலாம். எனவே பத்தில் ஏழு முறை தவறினாலும் மீதி மூன்று முறையில் ஈடுகட்ட வழி உண்டு. பத்திரத்தில் அந்த வாய்ப்பு இல்லை. முகமதிப்பு (முதிர்வில் திரும்பக் கிடைக்கும் தொகை) 100 ரூபாய் கொண்ட பத்திரத்தை 98க்கு வாங்கினால், எவ்வளவு சரியாகக் கணித்திருந்தாலும் கிடைப்பது கூப்பன் எனப்படும் ஆண்டு வட்டியும் இன்னும் 2 ரூபாய் லாபமும்தான். தவறினால் போவதோ அசல். ஆகவே பத்திரத்தில் கூட்டத்தை எதிர்த்து நிற்பது எப்போது அர்த்தமுள்ளதாகிறது என்றால், நட்டம் வரும் என்ற அச்சம் விலையில் ஏற்கெனவே இறங்கிவிட்ட பிறகுதான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஆண்டுக்கு 5 சதவீதக் கூப்பன், பத்தாண்டு முதிர்வு கொண்ட பத்திரம் 60க்கு விற்கிறது என்று கொள்வோம். முதிர்வு வரை வைத்திருந்தால் அதன் வருவாய் விகிதம் (கொடுத்த விலைக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் பலன்; விலை இறங்கினால் இது ஏறும்) ஆண்டுக்கு ஏறத்தாழ 12 சதவீதம். மூன்றே ஆண்டுகளில் அச்சம் விலகி விலை 100ஐத் தொட்டால், கூப்பன் 15, விலை உயர்வு 40, ஆக 60 முதலுக்கு 55 லாபம். மாறாகக் கடன்பட்டவர் தவணை தவறி அசலில் 30 சதவீதத்தை வெட்டிவிடுகிறார் என்று வையுங்கள். 100க்கு வாங்கியவருக்கு அது பேரிழப்பு. 60க்கு வாங்கியவருக்கோ கைக்கு வரவேண்டிய அசல் இன்னும் 70. புதிய பத்திரம் முழு மதிப்பில் விலைபோகாமல் சில காலம் கீழே கிடந்தாலும் அவருக்கு மூச்சுவிட இடம் இருக்கிறது. நாடோ நிறுவனமோ பிழைக்குமா என்று கேட்பதைவிட, "பிழைக்காவிட்டால் எனக்கு எவ்வளவு தேறும், அதைவிடக் குறைவான விலையில் வாங்கியிருக்கிறேனா" என்று கேட்பது பத்திரக்காரரின் கேள்வி.

இன்னொரு காரணமும் உண்டு. உலகின் பெரும்பாலான பத்திர நிதிகள் ஏதோ ஒரு குறியீட்டை (சந்தையிலுள்ள பத்திரங்களைத் தொகுத்துக் காட்டும் பட்டியல்) ஒட்டி நடப்பவை. பத்திரக் குறியீட்டில் யார் அதிகமாகக் கடன் வாங்கியிருக்கிறாரோ அவருக்கே அதிக எடை. அதாவது குறியீட்டை அப்படியே பின்பற்றுபவர், அதிகக் கடனாளிக்கே அதிகமாகக் கடன் கொடுக்கிறார். இதை நேர்மையாக யோசித்துப் பார்த்தால் விநோதமான ஏற்பாடு என்பது புரியும். ஆனால் குறியீட்டை விட்டு விலகும் மேலாளர் தோற்றால் வேலை போகும். குறியீட்டோடு சேர்ந்து தோற்றால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். எதிர்த்திசை மேலாளர்கள் அரிதாக இருப்பதற்கு அறிவுக் குறைவைவிட இந்தப் பிழைப்புக் கணக்கே பெரிய காரணம் என்பது என் கருத்து.

ஹாசன்ஸ்டாப் இந்தக் குறியீட்டைப் பெரும்பாலும் பொருட்படுத்தவே இல்லை. அமெரிக்காவின் கார்ல்டன் கல்லூரியில் படித்து, 1995இல் ஃபிராங்ளின் டெம்பிள்டனில் சேர்ந்தவர், இடையில் வேலையை விட்டு ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்று, 2001இல் அதே நிறுவனத்துக்குத் திரும்பினார். பத்திரத் துறையில் பலர் வர்த்தக மேசையிலிருந்து, வட்டி விகிதக் கணக்கு வழியாக மேலே வருபவர்கள். இவரோ நாடுகளின் வளர்ச்சிப் பொருளாதாரம் வழியாக வந்தவர். ஜப்பான், ஜெர்மனி, அமெரிக்கா ஆகியவை நிறைந்த வழக்கமான உலகப் பத்திரப் பட்டியலைத் தள்ளிவைத்து, தென் கொரியா, இந்தோனேசியா, மெக்சிகோ, போலந்து போன்ற நாடுகளின் உள்ளூர் நாணயப் பத்திரங்களைப் பெருமளவில் வாங்கினார். 2010இல், முதலீட்டு நிதிகளை மதிப்பிடும் மார்னிங்ஸ்டார் நிறுவனம் அமெரிக்காவின் அந்த ஆண்டுக்கான சிறந்த பத்திர மேலாளராக அவரைத் தேர்ந்தெடுத்தது. உச்சத்தில் இருந்தபோது அந்த ஒரு நிதியில் மட்டும் 7,000 கோடி டாலர் அளவுக்குப் பணம் குவிந்திருந்தது.

அவருடைய பெயரை நிலைநாட்டியது அயர்லாந்து. 2008 செப்டம்பரில் அயர்லாந்து அரசு தன் முக்கிய வங்கிகளின் ஏறக்குறைய எல்லாக் கடன்களுக்கும் உத்தரவாதம் கொடுத்தது. வீட்டுமனை வீக்கத்தில் சிக்கிய வங்கிகளின் நட்டம் அப்படியே அரசின் தலையில் இறங்கியது. 2010இல் வங்கிகளுக்குக் கொட்டிய பணத்தையும் சேர்த்தால் பட்ஜெட் பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் 30 சதவீதத்தைத் தாண்டியது. அந்த ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியமும் சர்வதேச நாணய நிதியமும் (ஐ.எம்.எஃப்) 8,500 கோடி யூரோ மீட்புத் திட்டத்தை அறிவித்தன. அதில் 1,750 கோடி யூரோ அயர்லாந்தின் சொந்தச் சேமிப்பிலிருந்தே வரவேண்டியது. 2011 ஜூலையில் தர மதிப்பீட்டு நிறுவனமான மூடிஸ் அயர்லாந்தை முதலீட்டுத் தரத்துக்கு (திரும்பி வரும் என்று நம்பத்தகுந்த கடன் என்ற வகைக்கு) கீழே இறக்கியது. விதிப்படி முதலீட்டுத் தரப் பத்திரங்களை மட்டுமே வைத்திருக்க வேண்டிய நிதிகள், அயர்லாந்தைப் பற்றி என்ன நினைத்தாலும் விற்றே ஆகவேண்டிய நிலை. அம்மாதம் பத்தாண்டு ஐரிஷ் பத்திரத்தின் வருவாய் விகிதம் 14 சதவீதத்தைத் தொட்டது.

ஹாசன்ஸ்டாப் அந்தக் காலகட்டத்தில்தான் வாங்கிக் குவித்தார். ஐரிஷ் அரசுப் பத்திரங்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஃபிராங்ளின் டெம்பிள்டன் கையில் இருப்பதாகப் பின்னர் செய்திகள் வந்தன. இதைத் துணிச்சல் என்று மட்டும் சொல்லிவிட்டால் பாடம் கையை விட்டுப் போய்விடும். அவர் பார்த்தது வேறு. அன்று கடனில் மூழ்கியிருந்த கிரீஸையும் அயர்லாந்தையும் சந்தை ஒரே மூட்டையாகக் கட்டி விற்றுக்கொண்டிருந்தது. ஆனால் இரண்டின் நோயும் வேறு. அயர்லாந்தின் கடன் பெரும்பாலும் வங்கிகளால் வந்த ஒருமுறைச் சுமை. அதன் கீழே மருந்து, மென்பொருள், மருத்துவக் கருவி ஆகியவற்றை உலகுக்கு ஏற்றுமதி செய்யும் பொருளாதாரம் அப்படியே இயங்கிக்கொண்டிருந்தது. நடப்புக் கணக்கு (வெளிநாடுகளோடான வரவு செலவு) உபரிக்குத் திரும்பத் தொடங்கியிருந்தது. கூலி குறைந்தது, செலவு வெட்டப்பட்டது, அரசும் எதிர்க்கட்சியும் சிக்கனத் திட்டத்தை ஏறக்குறைய ஒரே மாதிரி ஏற்றுக்கொண்டன. கடனைக் கட்டும் திறனும் கட்டும் மனமும் இரண்டுமே இருந்தன. அது போக, மீட்புத் திட்டம் கையில் இருந்ததால் சில ஆண்டுகளுக்கு அயர்லாந்து சந்தையில் கடன் வாங்கவே தேவையில்லை. நேரம் அதன் பக்கம் இருந்தது.

2011 ஜூலை 21 அன்று ஐரோப்பியத் தலைவர்கள் மீட்புக் கடனின் வட்டியைக் குறைத்தார்கள். 2012 ஜூலையில் ஐரோப்பிய மத்திய வங்கித் தலைவர் மரியோ டிராகி யூரோவைக் காக்க எதையும் செய்வோம் என்று அறிவித்த பின் மிச்சமிருந்த அச்சமும் கரைந்தது. 2013 டிசம்பரில் அயர்லாந்து மீட்புத் திட்டத்தை விட்டு வெளியேறியது; 2014 முடிவில் பத்தாண்டு வருவாய் விகிதம் 1.5 சதவீதத்துக்கும் கீழே வந்திருந்தது. இந்த வெற்றியில் டிராகிக்கும் பங்குண்டு என்று சிலர் சுட்டிக்காட்டுவது நியாயமே. ஆனால் டிராகி பேசுவதற்கு ஓராண்டு முன்பே வாங்கியவருக்கு, அந்த ஓராண்டும் இரட்டை இலக்க வருவாய் விகிதத்தில் வட்டி வந்துகொண்டிருந்தது என்பதே நான் முக்கியமாகக் கருதுவது. எதிர்த்திசையில் நின்று காத்திருந்ததற்குச் சந்தையே அவருக்குக் கூலி கொடுத்தது. இந்தப் புள்ளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பிற்காலச் சரிவுகளில் பெரும்பகுதியை இதைக் கொண்டே விளக்கலாம்.

ஹங்கேரி இதே கதையின் சிறு பதிப்பு. 2011இல் அந்நாட்டு அரசு தனியார் ஓய்வூதிய நிதிகளைத் தன்வசமாக்கி, வெளிநாட்டு நாணய வீட்டுக் கடன்களைச் சந்தையைவிடக் குறைந்த மாற்று விகிதத்தில் அடைக்க அனுமதித்து வங்கிகளைத் திகைக்க வைத்தது. நவம்பரில் மூடிஸ் அதையும் முதலீட்டுத் தரத்துக்குக் கீழே தள்ளியது. ஹாசன்ஸ்டாப் அப்போதும் வாங்கினார். மத்திய வங்கியின் வட்டி 7 சதவீதத்திலிருந்து 2014 ஜூலையில் 2.1 சதவீதமாக இறங்கியபோது பத்திர விலைகள் ஏறின. அரசின் பேச்சு பிடிக்காததால் விற்றவர்கள், நடப்புக் கணக்கு உபரியைப் பார்க்கத் தவறினார்கள்.

இந்த இரு வெற்றிகளுக்கும் இடையில் ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது: 2011ஆம் ஆண்டை அவருடைய நிதி நட்டத்தில்தான் முடித்தது. அந்த டிசம்பரில் வெளியேறிய முதலீட்டாளருக்கு அயர்லாந்து ஒரு தோல்வி. அடுத்த ஆண்டு நிதி 15 சதவீதத்துக்கும் மேல் ஏறியது. எதிர்த்திசை நிதிகளில், நிதி ஈட்டிய வருவாயும் அதன் முதலீட்டாளர்கள் சராசரியாக ஈட்டிய வருவாயும் வேறு வேறாக இருப்பது இப்படித்தான்.

உக்ரைனில் அவர் வேறொரு பாடத்தைச் சந்தித்தார். 2013 வாக்கில் உக்ரைன் அரசின் டாலர் பத்திரங்களை வாங்கத் தொடங்கி, மொத்தம் 700 கோடி டாலர் அளவுக்குக் கையிருப்பைச் சேர்த்தார். பின்னர் தலைநகர் கீவில் புரட்சி, 2014 மார்ச்சில் கிரிமியா பறிபோனது, கிழக்கில் போர். அந்த ஆண்டு வசந்தத்தில் அவரே கீவுக்குச் சென்று, மைதான் சதுக்கத்தில் இருந்து தன் முதலீட்டை விளக்கிக் காணொளி வெளியிட்டார். நாட்டின் எதிர்காலம் பற்றிய அவருடைய நம்பிக்கை உண்மையானதாக இருந்திருக்கலாம். ஆனால் கையிருப்பு அந்த அளவுக்குப் பெருகிய பின் அந்த நம்பிக்கையைக் கைவிடுவதற்கு அவருக்கு வழியும் இல்லை. ஒரு நாட்டின் வெளிநாட்டுப் பத்திரங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வைத்திருப்பவர் விற்கப் புறப்பட்டால் வாங்க யார் இருக்கிறார்? 2015 மார்ச்சில் அந்தப் பத்திரங்கள் டாலருக்கு 40 சென்ட் அளவுக்கு விழுந்தன. பின்னர் ஃபிராங்ளின் டெம்பிள்டன் தலைமையிலான, கடன் கொடுத்தோர் குழு, நிதியமைச்சர் நத்தாலி யாரெஸ்கோவுடன் மாதக்கணக்கில் பேரம் பேசி, ஆகஸ்டில் உடன்பாட்டுக்கு வந்தது: அசலில் 20 சதவீத வெட்டு, தவணைகள் நான்காண்டு தள்ளிவைப்பு, கூப்பன் 7.75 சதவீதம், கூடவே பொருளாதாரம் ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தால் 2040 வரை அந்த வளர்ச்சியில் ஒரு பகுதியைக் கடன் கொடுத்தோருக்குத் தரும் வாரண்டுகள் எனப்படும் உரிமைப் பத்திரங்கள்.

அறிவிப்பு வந்ததும் விலைகள் வேகமாக ஏறின. 40 சென்டில் வாங்கியவர்களுக்கு அது பெருலாபம். முழு விலைக்கு அருகில் வாங்கியவர்களுக்கு, நீண்ட காத்திருப்பும் வழக்கறிஞர் செலவும். மேலே சொன்ன 60, 70 கணக்கு இங்கே அப்படியே நடந்ததைக் காணலாம்: நாடு ஒன்று, உடன்பாடு ஒன்று, வாங்கிய விலைதான் வேறு. அதோடு, அளவு மிகப் பெரிதாகும்போது மேலாளர் முதலீட்டாளராக இருப்பது நின்றுபோய், பேரம் பேசும் தரப்பாக மாறிவிடுகிறார். அது வேறு தொழில். அதற்கு வேறு திறமை வேண்டும்.

இனி அவருடைய நீண்ட தோல்விக்கு வருகிறேன். 2008 நெருக்கடிக்குப் பின் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் பத்திரங்களை வாங்கிக் குவித்ததால் வட்டி செயற்கையாகத் தாழ்ந்திருக்கிறது, பணவீக்கம் திரும்பும், அமெரிக்க அரசுப் பத்திரங்களின் விலை விழும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். வெறும் ஒதுங்கியிருப்பதோடு நிற்காமல், வட்டி ஏறினால் நிதி லாபம் காணும்படி எதிர்நிலையே எடுத்தார். 2016 இறுதியில் டிரம்ப் வெற்றிக்குப் பின் வட்டி ஏறியபோது அது பலித்தது. 2018 நவம்பரில் பத்தாண்டு வருவாய் விகிதம் 3.2 சதவீதத்தைத் தொட்டது. பிறகு திசை மாறியது: 2019 ஆகஸ்ட் இறுதியில் 1.5 சதவீதம், 2020 மார்ச்சில் 0.5 சதவீதத்தை ஒட்டி. அதற்குள் அந்த நிலையை அவர் கைவிட வேண்டியதாயிற்று. 2022இல் பணவீக்கம் நாற்பது ஆண்டு காணாத உயரத்துக்குப் போய், பத்தாண்டு வருவாய் விகிதம் 4 சதவீதத்தைத் தாண்டியது. அவர் சொன்னது நடந்தது. நடக்கும்போது அந்த நிலை அவர் கையில் இல்லை.

அயர்லாந்திலும் அவர் சீக்கிரமே வந்தவர். இங்கும் சீக்கிரமே வந்தவர். ஒன்றில் வென்று மற்றதில் தோற்றதற்குக் காரணம் கணிப்பின் தரம் அல்ல. ஐரிஷ் பத்திரத்தை வைத்திருந்தவருக்கு ஒவ்வோர் ஆண்டும் வட்டி வந்தது. அமெரிக்கப் பத்திரத்துக்கு எதிர்நிலை எடுத்தவரோ ஒவ்வோர் ஆண்டும் அந்த வட்டியைத் தன் கையிலிருந்து கட்டவேண்டும். முதலாவதில் காலதாமதம் லாபத்தைச் சற்றே குறைக்கும். இரண்டாவதில் காலதாமதமே நட்டம். ஆகவே எதிர்த்திசையில் நிற்க விரும்புபவர், "நான் சொல்வது சரியா" என்று கேட்பதற்கு முன், "நான் சொல்வது நடக்க ஐந்தாண்டு ஆனால், அந்த ஐந்தாண்டும் பணம் எந்தப் பக்கம் ஓடும்" என்று கேட்கவேண்டும்.

இதே பள்ளத்தில் விழுந்தவர் இன்னொருவரும் உண்டு. பிம்கோ நிறுவனத்தின் பில் கிராஸ், அன்று உலகின் மிகப்பெரிய பத்திர நிதியாக இருந்த டோட்டல் ரிட்டர்ன் ஃபண்டிலிருந்து 2011 பிப்ரவரிக்குள் அமெரிக்க அரசுப் பத்திரங்கள் அனைத்தையும் வெளியேற்றினார். ஜூனில் ஃபெடரல் ரிசர்வ் வாங்குவதை நிறுத்தினால் அடுத்து யார் வாங்குவார் என்பது அவர் வாதம். ஆகஸ்ட் 5 அன்று தர மதிப்பீட்டு நிறுவனமான எஸ் அண்ட் பி அமெரிக்காவின் தர மதிப்பீட்டைக் குறைத்தது. பாடப்புத்தகப்படி விலை விழவேண்டும், ஆனால் அஞ்சிய உலகம் அதே அமெரிக்கப் பத்திரங்களுக்குள்தான் ஓடி ஒளிந்தது. அந்த ஆண்டு குறியீடு 7.8 சதவீதம் ஏற, கிராஸின் நிதி 4.2 சதவீதத்தில் நின்றது. அவர் அதை முதலீட்டாளர்களிடம் ஒப்புக்கொண்டார். பாதுகாப்பின் இருப்பிடமாக உலகம் கருதும் ஒரு பத்திரத்துக்கு எதிராக நிற்பவர், மற்ற எல்லா இடத்திலும் தீப்பிடிக்கும் நாளில் தன் நிலையும் எரியும் என்பதைக் கணக்கில் எடுத்தாகவேண்டும்.

காத்திருப்பதற்குக் கூலி கிடைத்தால் போதும் என்று இதிலிருந்து யாரேனும் முடிவு செய்தால், அர்ஜென்டினா அதைத் திருத்தும். 2015 டிசம்பரில் மௌரிசியோ மாக்ரி அதிபராகி நாணயக் கட்டுப்பாடுகளை நீக்கியபின், ஹாசன்ஸ்டாப் அந்நாட்டு நாணயமான பெசோவில் வெளியான பத்திரங்களில் பெருமளவு இறங்கினார். 2018 மே மாதம் பெசோ சரிந்து நாடு தள்ளாடியபோது, அரசு வெளியிட்ட பெசோ பத்திரங்களில் 200 கோடி டாலருக்கும் மேல் வாங்கி, ஏறத்தாழத் தனி ஒருவராக அந்த ஏலத்தைத் தூக்கி நிறுத்தினார். அடுத்த மாதம் ஐ.எம்.எஃப் 5,000 கோடி டாலர் கடனை அறிவித்தது. பின்னர் அது 5,700 கோடியானது. வெளிப்பார்வைக்கு அயர்லாந்தின் நகல்: மீட்புத் திட்டம் உண்டு, சிக்கனம் உண்டு, வட்டியோ 60 சதவீதத்தையும் தாண்டியது.

நகல் இல்லை என்பதற்கு மூன்று காரணங்கள் இருந்தன. ஐரிஷ் வட்டி யூரோவில் வந்தது. அந்நாட்டால் யூரோவை அச்சடிக்க முடியாது, மதிப்பைக் குறைக்கவும் முடியாது. அர்ஜென்டினாவின் 60 சதவீதமோ பெசோவில் வந்தது. அந்தப் பெசோவின் மதிப்பு அதைவிட வேகமாகக் கரைந்துகொண்டிருந்தது. பெயரளவில் கூலி, உண்மையில் கூலியே இல்லை. இரண்டாவது, அயர்லாந்தில் ஆட்சி மாறியும் திட்டம் மாறவில்லை. அர்ஜென்டினாவிலோ முழு முதலீடும் ஒரே மனிதர் மறுபடி வெல்வதைச் சார்ந்திருந்தது. அதிபர் தேர்தலுக்கு முன்னோட்டமாக 2019 ஆகஸ்ட் 11 அன்று நடந்த முதனிலைத் தேர்தலில் மாக்ரி எதிர்பாராத வித்தியாசத்தில் பின்தங்கினார். மறுநாள் பெசோ பகலில் கால்பங்குக்கும் மேல் விழுந்து, சற்று மீண்டு முடிந்தது. புவனோஸ் ஏரிஸ் பங்குக் குறியீடு ஒரே நாளில் 38 சதவீதம் சரிந்தது. டெம்பிள்டன் குளோபல் பாண்ட் ஃபண்ட் 3 சதவீதத்துக்கும் மேல் இழந்தது. பத்திர நிதிக்கு இது ஓராண்டு வருவாய்க்குச் சமம். மூன்றாவது காரணம் செப்டம்பர் முதல் நாள் வெளிப்பட்டது: மூலதனக் கட்டுப்பாடு. லாபமோ நட்டமோ, பணத்தை வெளியே எடுக்கும் கதவே அடைபட்டது. யூரோ வட்டாரத்துக்குள் இருந்த அயர்லாந்தில் இந்த இடர் மிகச் சிறியது.

இங்கே ஒரு நுட்பமான பிழையையும் குறிப்பிட விரும்புகிறேன், ஏனெனில் அனுபவமுள்ள மேலாளர்களும் இதில் சறுக்குகிறார்கள். அமெரிக்கப் பத்திரத்துக்கு எதிரான நிலையில் கையிலிருந்து போகும் வட்டியை ஈடுகட்ட, மெக்சிகோ, பிரேசில், இந்தோனேசியா, அர்ஜென்டினா ஆகிய நாடுகளின் அதிக வட்டிப் பத்திரங்களை வைத்திருப்பது காகிதத்தில் சமநிலையாகத் தெரியும். வட்டி ஏறும் என்பது ஒரு கருத்து, வளரும் நாடுகள் மலிவு என்பது மற்றொரு கருத்து. ஆனால் உலகம் அஞ்சும் நாளில் இரண்டும் ஒரே திசையில் நகரும்: அமெரிக்கப் பத்திரம் ஏறும், வளரும் நாடுகளின் நாணயம் விழும். தனித்தனியாக எழுதப்பட்ட இரண்டு கருத்துகள் "உலகம் அமைதியாக இருக்கும்" என்ற ஒரே பந்தயமாகச் சுருங்கிவிடுகின்றன. நிதியில் எத்தனை நாடுகள் இருக்கின்றன என்று எண்ணுவதைவிட, ஒரே செய்தியால் அவற்றில் எத்தனை சேர்ந்து விழும் என்று எண்ணுவது பயனுள்ளது.

மேலாளர் காத்திருக்க ஆயத்தமாக இருந்தாலும், அவருடைய முதலீட்டாளர் காத்திருக்க வேண்டுமே என்பது அடுத்த சிக்கல். தினமும் பணத்தைத் திரும்பப் பெற அனுமதிக்கும் நிதியில், ஐந்தாண்டு பொறுக்கவேண்டிய, எளிதில் விற்கமுடியாத பத்திரங்களை வைப்பது உள்ளார்ந்த முரண்பாடு. விலை விழும்போது சிலர் வெளியேறுவர். அவர்களுக்குக் கொடுக்க மேலாளர் விற்கக்கூடியதை விற்பார். விற்கமுடியாதது மீதமிருப்பவர்களின் பங்கில் பெருகும். மேலும் சிலர் வெளியேறுவர். டெம்பிள்டன் குளோபல் பாண்ட் ஃபண்டின் அளவு உச்சத்திலிருந்து ஒரு சிறு பகுதியாகச் சுருங்கியதில் இந்தச் சுழலுக்குப் பெரும் பங்குண்டு.

இதைத் தாங்கிக் கடந்தவருக்கு எடுத்துக்காட்டு பாஸ்டனின் டான் ஃபஸ். 1976 முதல் லூமிஸ் செய்ல்ஸ் நிறுவனத்தில் இருந்த அவர், மலிவாகிப்போன நிறுவனப் பத்திரங்களைப் பொறுக்கி வாங்குபவர். 2008இல் அவருடைய பாண்ட் ஃபண்ட் 22 சதவீதம் விழுந்தது. பத்திர நிதிக்கு அது பயங்கரமான எண். 2009இல் சுமார் 37 சதவீதம் ஏறியது. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், இரண்டாண்டும் அசையாமல் இருந்தவருக்கு 7 சதவீத அளவுக்கு லாபம். 2008 டிசம்பரில் வெளியேறியவருக்கு நட்டம் மட்டும். ஃபஸ் வாங்கியது பெரும்பாலும் முகமதிப்புக்குக் கீழே கிடந்த பத்திரங்கள் என்பதால், கடன்பட்ட நிறுவனம் பிழைத்தாலே விலை தானாக மேலேறும். அவர் எண்பது வயதைத் தாண்டியும் 2021 வரை நிதி மேலாண்மையில் இருந்தார். நீண்ட பணி வாழ்க்கை இங்கே ஓர் ஆபரணமல்ல, உத்தியின் ஒரு பகுதி: பல சுற்றுகளைக் கண்டவருக்கே முதலீட்டாளர்கள் அடுத்த சுற்றைப் பொறுத்துக்கொள்ளும் சலுகையைத் தருகிறார்கள்.

இத்துறைக்கு வர விரும்புபவருக்குச் சில சொற்கள். ஹாசன்ஸ்டாபின் படிப்பு வழியை அப்படியே நகலெடுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் கைக்கொண்ட வாசிப்பு முறையை எடுத்துக்கொள்ளலாம். ஒரு நாட்டின் நடப்புக் கணக்கு, அந்நியச் செலாவணிக் கையிருப்பு, அடுத்த மூன்றாண்டுகளில் முதிரும் கடன், அந்தக் கடன் எந்த நாணயத்தில், யாரிடம் இருக்கிறது ஆகியவற்றைத் தர மதிப்பீட்டு அறிக்கையைத் திறப்பதற்கு முன் நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதன் கீழே, எது நடந்தால் என் எண்ணம் தவறு என்று ஏற்பேன் என்பதையும் தேதியோடு எழுதுங்கள். அர்ஜென்டினா போன்ற நிலையில் அந்த வரி "மாக்ரி தோற்றால்" என்று இருந்திருக்கும். அப்படி ஒரே வரியில் முழு முதலீடும் அடங்கிவிடுகிறது என்று தெரிந்தாலே, எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு வரம்பு கிடைத்துவிடும். நேரில் போய்ப் பார்ப்பதும் நல்லதுதான். ஆனால் அமைச்சரையும் மத்திய வங்கி ஆளுநரையும் சந்தித்துத் திரும்புபவர், அவர்களை எதிர்த்து வாக்களிக்கப் போகிறவர்களைச் சந்திக்காமலே திரும்பிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது.

இன்னொன்று, வேலை பார்க்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது. குறியீட்டிலிருந்து விலகிய மேலாளரை இரண்டு மோசமான ஆண்டுகளில் வெளியேற்றிவிடும் நிறுவனத்தில், எவ்வளவு திறமை இருந்தாலும் எதிர்த்திசைப் பழக்கம் வளராது. பணியில் சேரும்போது சம்பளத்தை விசாரிப்பதுபோல, கடந்த சரிவில் அந்த நிறுவனம் தன் மேலாளர்களை எப்படி நடத்தியது என்பதையும் விசாரிப்பது தகும்.

முதலீட்டாளருக்கோ, பத்திரங்களுக்கு ஒதுக்கும் பணம் முழுவதும் இத்தகைய நிதியில் இருக்கக்கூடாது என்பதே என் பரிந்துரை. பங்குச் சந்தை விழும் நாளில் நம்மைத் தாங்குவதற்காகத்தான் பெரும்பாலோர் பத்திரம் வைத்திருக்கிறோம். எதிர்த்திசை மேலாளரோ அதே நாளில் விழும் பத்திரங்களைத்தான் பெரும்பாலும் வைத்திருப்பார். 2008இல் ஃபஸுக்கு நடந்தது அது. ஆகவே நல்ல தரமுள்ள, குறுகிய முதிர்வு கொண்ட அரசுப் பத்திரங்களை முதலில் வைத்துவிட்டு, ஐந்தாண்டுக்குத் தொடத் தேவையில்லாத ஒரு பகுதியை மட்டும் இவர்களிடம் கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன் நிதியின் மாதாந்திர அறிக்கையில் மூன்று எண்களைப் பாருங்கள்: மிகப்பெரிய ஒரே நாட்டு அல்லது நிறுவனக் கையிருப்பு எத்தனை சதவீதம், வட்டி உணர்திறனைக் காட்டும் டியூரேஷன் எதிர்மறையில் இருக்கிறதா, கடந்த பன்னிரண்டு மாதங்களில் நிதியிலிருந்து எவ்வளவு பணம் வெளியேறியிருக்கிறது. மூன்றாவது எண் மிகப் பெரிதாக இருந்தால், மேலாளரின் கணிப்பு சரியாக இருந்தாலும் அதுவரை காத்திருக்க அவரிடம் பணம் மிஞ்சாது.